ஜூலை 1914: அடித்துத் திருத்திய வரிகள்

பெரும்போரின் கதை – 9

சென்ற இதழில் கதை சரயேவோவில் நின்றது. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் காவ்ரிலோ பிரின்சிப் என்ற பத்தொன்பது வயது இளைஞனின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதிலிருந்து முப்பத்தேழாம் நாள், ஆகஸ்ட் 4, பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதற்குள் ஐரோப்பாவின் பெரிய வல்லரசுகளில் இத்தாலி ஒன்றுதான் ஒதுங்கி நின்றது.

இந்த முப்பத்தேழு நாட்களைப் பற்றி அன்றைய தலைவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தால், போரை யாருமே விரும்பவில்லை என்றுதான் தோன்றும். நாடுகள் எல்லாம் கால் வழுக்கிப் போருக்குள் விழுந்தன என்ற தோரணையில் எழுதினார் பிரிட்டிஷ் தலைவர் லாயிட் ஜார்ஜ். தோற்றவர்களுக்கும் ஜெயித்தவர்களுக்கும் ஒருசேர வசதியான விளக்கம் அது. பழி யார் தலையிலும் விழாது. ஆனால் நினைவுக் குறிப்பு எழுத உட்கார்பவருக்குக் கதையின் முடிவு தெரியும். லட்சக்கணக்கான பிணங்கள் கண்முன் கிடக்கின்றன. அவர் எழுதுவதெல்லாம் அந்தப் பிணங்களுக்கான பதில். ஜூலை மாதத்தில் தந்தி எழுதியவருக்கு அந்த முடிவு தெரியாது. அவர் தன் காரியம் நடக்க வேண்டும் என்பதற்காக எழுதினார். காரணத்தைத் தேடுகிறவர்கள் போக வேண்டிய இடம் அந்தத் தந்திகள்தான்.

அந்தக் காகிதங்களைப் படிக்க ஒரு முறை உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது, வரைவை எழுதியது யார், அதில் பேனா வைத்தது யார், எந்த வரி அடிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1914 ஜூலையைப் பொறுத்தவரை அடிக்கப்பட்ட வரிகளே அதிகம் பேசுகின்றன.

முதல் தாள் ஜூன் 30 தேதியிட்டது. வியன்னாவிலிருந்த ஜெர்மன் தூதர் சிர்ஷ்கி பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கை. செர்பியர்களுடன் ஒரேயடியாகக் கணக்குத் தீர்த்துவிட வேண்டும் என்று இங்கே பொறுப்பானவர்கள்கூடப் பேசுகிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்று வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் நிதானமாக, ஆனால் அழுத்தமாக எச்சரித்து வருகிறேன் என்று அவர் எழுதினார். அனுபவமுள்ள எந்தத் தூதரும் எழுதக்கூடிய அறிக்கைதான். அது கெய்சர் இரண்டாம் வில்ஹெல்மின் மேசைக்குப் போனது. வருகிற தாள்களின் ஓரத்தில் மனதில் பட்டதை எழுதித் தள்ளுவது கெய்சரின் வழக்கம். கணக்குத் தீர்ப்பது பற்றிய வரிக்குப் பக்கத்தில், “இப்போது, அல்லது ஒருபோதும் இல்லை” என்று எழுதினார். தூதர் எச்சரித்ததாகச் சொன்ன இடத்தில், இதற்கு இவருக்கு அதிகாரம் கொடுத்தது யார், இது மகா முட்டாள்தனம் என்று பொரிந்தார். செர்பியர்களை ஒழுங்குபடுத்தியாக வேண்டும், அதுவும் சீக்கிரமே என்றும் எழுதினார். ஜூலை 4 அன்று அந்தத் தாள் வெளியுறவு அமைச்சகத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு சிர்ஷ்கியின் பேச்சில் நிதானம் என்பதே இல்லை. வியன்னாவை முடுக்கிவிடுகிறவராக மாறிவிட்டார். ஓரத்தில் எழுதிய நாலு வரி ஒரு தூதரையே மாற்றிவிட்டது.

மறுநாள் ஜூலை 5. ஆஸ்திரியத் தூதர் செகெனி போட்ஸ்டாம் அரண்மனையில் கெய்சரோடு மதிய உணவு உண்டார். பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் கடிதத்தையும் ஒரு கொள்கைக் குறிப்பையும் வியன்னாவிலிருந்து கொண்டுவந்திருந்தவர் ஹோயோஸ் பிரபு. சாப்பாட்டுக்கு முன்னால், சான்சலரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்ற கெய்சர், சாப்பாட்டுக்குப் பிறகு மனம் மாறினார். ஐரோப்பிய அளவில் பெரிய சிக்கல் வந்தாலும் ஜெர்மனியின் முழு ஆதரவு உண்டு. செய்வதைத் தாமதிக்காமல் செய்யுங்கள். ரஷ்யா இன்னும் போருக்குத் தயாராக இல்லை என்றார். இது செகெனி அன்றே அனுப்பிய தந்தியில் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் ‘வெற்றுக் காசோலை’ என்று சொல்வது இதைத்தான்.

எழுபதைக் கடந்த செகெனி கெய்சர் சொன்னதை மிகைப்படுத்திவிட்டார் என்று ஜெர்மனிக்காக வாதாடியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அதனால் ஜூலை 6 அன்று சான்சலர் பெத்மான் ஹோல்வெக் சிர்ஷ்கிக்கு அனுப்பிய தந்தி முக்கியமாகிறது. கூட்டணிக் கடமைக்கும் பழைய நட்புக்கும் ஏற்றபடி கெய்சர் ஆஸ்திரியாவின் பக்கம் உறுதியாக நிற்பார் என்கிறது அது. வரைவில் ‘எல்லாச் சூழ்நிலைகளிலும்’ என்ற சொற்கள் இருந்தன. பெத்மான் அதை அடித்தார்.

இந்த அடித்தலை எப்படிப் படிப்பது? சான்சலர் கூச்சப்பட்டார், எல்லையற்ற வாக்குறுதியைக் கொடுக்க விரும்பவில்லை என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அது நேர் எதிராகத் தெரிகிறது. எவ்வளவு பெரிய வாக்குறுதி கொடுக்கிறோம் என்று தெரிந்த ஒருவரின் பேனா அது. விளைவு தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் அந்தச் சொற்களை அப்படியே விட்டிருப்பார். சொல்லைத்தான் அடித்தார், வாக்குறுதியைத் திரும்பப் பெறவில்லை.

ஜூலை 7 அன்று வியன்னாவில் நடந்த கூட்டு அமைச்சரவைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதியவர் அதே ஹோயோஸ். ஹங்கேரியப் பிரதமர் டிஸா மட்டும் எதிர்த்தார். மற்ற எல்லோருடைய கருத்தும் அதில் ஒளிவு மறைவில்லாமல் பதிவாகியிருக்கிறது: பேச்சுவார்த்தையில் கிடைக்கும் வெற்றி, செர்பியாவைத் தலைகுனிய வைத்தாலும், மதிப்பற்றது, ஆகவே செர்பியா மறுக்கும்படியான கோரிக்கைகளை முன்வைத்து, ராணுவத் தீர்வுக்கு வழி திறக்க வேண்டும். ஒரு வாரத்தில் டிஸாவும் இணங்கினார். ஜூலை 23 மாலை பெல்கிரேடில் கொடுக்கப்பட்ட 48 மணி நேரக் கெடு இந்தக் கூட்டத்தில் பிறந்தது. சமாதானத்துக்காக விடுத்த இறுதிக் கோரிக்கை அது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதற்கு நடுவே வீஸ்னர் என்ற அதிகாரி சரயேவோவுக்குப் போய் விசாரணைக் கோப்புகளைப் பார்த்து ஜூலை 13 அன்று தந்தியடித்தார். கொலையில் செர்பிய அரசாங்கத்துக்குத் தொடர்பு இருப்பதாக நிரூபணம் இல்லை, அப்படி ஊகிக்கவும் இடமில்லை என்றார். அதே தந்தியின் பிற்பகுதியில், சதி பெல்கிரேடில் உருவானது, குண்டும் துப்பாக்கியும் கொடுத்ததில் மேஜர் டாங்கோசிச், ரயில்வே ஊழியர் சிகானோவிச் போன்ற செர்பிய அதிகாரிகளுக்குப் பங்கு உண்டு என்றும் எழுதியிருந்தார். 1919இல் பாரிசில் போர்ப் பொறுப்பை விசாரித்த குழுவின் முன் வந்தது முற்பகுதி மட்டும். பிற்பகுதியைச் சேர்த்துப் படித்திருந்தால் ஆஸ்திரியாவின் ஆத்திரத்திலாவது நியாயம் இருந்தது தெரிந்திருக்கும். வெட்டிய தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது எந்தத் தரப்பு செய்தாலும் தவறுதான்.

காகிதமே இல்லாத இடம் ஒன்றும் உண்டு. ஜூலை 20 முதல் 23 வரை பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரேயும் பிரதமர் விவியானியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜாரின் விருந்தினராக இருந்தார்கள். அவர்கள் கப்பலேறிய பிறகுதான் செர்பியாவுக்குக் கெடு கொடுக்க வேண்டும் என்று வியன்னா நேரம் பார்த்துக் காத்திருந்தது. ஆனால் அந்த நான்கு நாட்களில் இரண்டு நட்பு நாடுகளும் தங்களுக்குள் என்ன முடிவு செய்தன என்பதற்கு முறையான குறிப்பு எதுவும் இல்லை. இரு தரப்பிலும் எழுதும் பழக்கம் உள்ள அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்த வெற்றிடத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

இனி ஜூலை 28. என் பார்வையில் இந்த முப்பத்தேழு நாட்களின் கனத்த நாள் இதுதான்.

செர்பியாவின் பதில் ஜூலை 25 மாலை கெடு முடியும் தறுவாயில் ஆஸ்திரியத் தூதர் கீஸலிடம் கொடுக்கப்பட்டது. பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்றும், ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பிய மண்ணில் நடக்கும் நீதி விசாரணையில் பங்கேற்பதை மறுத்தும் எழுதப்பட்ட பதில். கீஸல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் ரயிலேறினார். கடல் உலாவிலிருந்து திரும்பியிருந்த கெய்சர் அந்தப் பதிலை ஜூலை 28 காலையில்தான் படித்தார். வழக்கம்போல் ஓரத்தில் எழுதினார். வெறும் 48 மணி நேரத்தில் இது அபாரமான காரியம். வியன்னாவுக்குப் பெரிய தார்மீக வெற்றி. இதோடு போருக்கான காரணம் எல்லாம் போய்விட்டது. கீஸல் பேசாமல் பெல்கிரேடிலேயே இருந்திருக்க வேண்டும்! ‘இப்போது, அல்லது ஒருபோதும் இல்லை’ என்று எழுதிய அதே கை.

காலை 10 மணிக்கு வெளியுறவுச் செயலர் யாகோவுக்குக் கடிதம் எழுதினார். ஆஸ்திரியா தன் மானத்துக்காக பெல்கிரேடை மட்டும் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே நிற்கட்டும், நான் சமாதானம் பேசத் தயார் என்பது சாரம். மறுநாள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே தனியாக ஏறக்குறைய இதே யோசனையைச் சொல்லப்போகிறார்.

இந்த யோசனை வியன்னாவுக்குப் போனது எப்போது? இரவு 10.15க்கு. அதுவும் கெய்சர் எழுதியபடி போகவில்லை. போருக்கான காரணம் போய்விட்டது என்ற வரி பெத்மானின் தந்தியில் காணோம். மாறாக, ஆஸ்திரியாவை நாம் தடுத்து நிறுத்த விரும்புகிறோம் என்ற எண்ணம் வராதபடி மிகவும் கவனமாக இருக்கவும் என்று தூதருக்கு ஒரு அறிவுரை சேர்ந்திருந்தது. கெய்சரின் கடிதத்துக்கும் சான்சலரின் தந்திக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வயிறு எரிகிறது.

அதற்குள் வியன்னா முந்திக்கொண்டது. காலை 11 மணி அளவில் செர்பியா மீது போர் அறிவிக்கும் தந்தி புறப்பட்டது. ஆஸ்திரியப் படை அப்போது தயாராகக்கூட இல்லை. ஆகஸ்ட் 12 வாக்கில்தான் படையெடுக்க முடியும் என்று தளபதி கொன்ராட் சொல்லியிருந்தார். பிறகு ஏன் அவசரம்? காரணம் முந்தின நாள் சிர்ஷ்கி பெர்லினுக்கு அனுப்பிய தந்தியில் இருக்கிறது. யாரும் சமரசத்துக்கு வந்துவிடக் கூடாது, அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கவே நாளையோ மறுநாளோ போர் அறிவிக்கப்போகிறார்கள் என்று அவர் தெரிவித்திருந்தார். பெர்லின் அதைப் படித்தது, மறுப்புச் சொல்லவில்லை.

பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பிடம் கையெழுத்து வாங்க வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட் அனுப்பிய குறிப்பில், டெமெஸ்-குபின் என்ற இடத்தில் செர்பியர்கள் ஆஸ்திரியப் படைகள் மீது சுட்டதாக எழுதியிருந்தது. எண்பத்து மூன்று வயது முதியவர் கையெழுத்திட்டார். பிறகு அந்தச் செய்தி உறுதியாகவில்லை என்று சொல்லிப் போர் அறிவிப்பிலிருந்து அந்த வரியை பெர்க்டோல்ட் நீக்கினார். பேரரசருக்கு அதைத் தெரிவித்தது, போர் அறிவிப்பு போய்ச் சேர்ந்த பிறகு. இங்கும் ஒரு அடித்தல்தான்.

ரஷ்யாவின் பக்கம் வருவோம். ரஷ்ய வெளியுறவு அமைச்சகத்தின் நாட்குறிப்பை பரோன் ஷில்லிங் என்ற அதிகாரி எழுதிவந்தார். படைதிரட்டல் துறையில் இருந்த தளபதி டோப்ரோரோல்ஸ்கி பின்னாளில் தன் பங்கை எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஜூலை 29, 30 ஆகிய இரண்டு நாட்களும் மணிவாரியாகத் தெரிகின்றன.

ஜூலை 29. பொதுப் படைதிரட்டல் ஆணைக்கு மூன்று அமைச்சர்களின் கையெழுத்து வேண்டும். உள்துறை அமைச்சர் மக்லகோவின் அறையில் மேசை மீது புனிதப் படங்களும் மெழுகுவர்த்திகளும் இருந்தன. இந்தப் போர் மக்களுக்குப் பிடிக்காது, புரட்சிப் பேச்சுதான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அவர் கையெழுத்திட்டார். இரவு டோப்ரோரோல்ஸ்கி மத்தியத் தந்தி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதரை மணி வாக்கில் தொலைபேசி அடித்தது. கெய்சரிடமிருந்து வந்த தந்தியைப் படித்த ஜார் மனம் மாறிவிட்டார்; ஆணையை நிறுத்து என்று உத்தரவு. அன்றிரவு ஐரோப்பாவுக்கு இன்னொரு நாள் கிடைத்தது.

மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு வெளியுறவு அமைச்சர் ஸசோனோவ் பீட்டர்ஹாஃப் அரண்மனையில் ஜாரைச் சந்தித்தார். ஜார் இணங்கினால் உடனே சொல்லுங்கள், பிறகு தொலைபேசியை உடைத்துப்போட்டு, யாரும் என்னைப் பிடித்து உத்தரவை மாற்ற முடியாதபடி மறைந்துவிடுகிறேன் என்று தலைமைத் தளபதி யானுஷ்கேவிச் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார். ஒரு மணி நேர வாதத்துக்குப் பிறகு ஜார் இணங்கினார். ஸசோனோவ் அரண்மனையிலிருந்தே தளபதியை அழைத்து, உத்தரவுகளைக் கொடுத்துவிட்டு இன்று முழுக்க மறைந்துகொள்ளுங்கள் என்றார். மாலை 6 மணி வாக்கில் ஆணை நாடெங்கும் தந்தியில் பறந்தது.

இந்த மணிக்கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு பாரிசில் அச்சான ஒரு புத்தகம் சாட்சி. போர் தொடங்கியதும் ஒவ்வொரு அரசும் தன் தந்திகளைத் தொகுத்துத் தன் நியாயத்தை நிலைநாட்ட முயன்றது. ஜெர்மனிக்கு வெள்ளைப் புத்தகம், பிரிட்டனுக்கு நீலம், ரஷ்யாவுக்கு ஆரஞ்சு, ஆஸ்திரியாவுக்குச் சிவப்பு, பிரான்சுக்கு மஞ்சள். மஞ்சள் புத்தகத்தின் 118ஆம் ஆவணம், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பிரெஞ்சுத் தூதர் பாலியோலோக் ஜூலை 31 அன்று அனுப்பிய தந்தி. ஆஸ்திரியாவின் பொதுப் படைதிரட்டலாலும், ஆறு நாட்களாக ஜெர்மனி ரகசியமாகச் செய்துவரும் ஏற்பாடுகளாலும் ரஷ்யா படை திரட்ட வேண்டியதாயிற்று என்று நீளமாக விளக்குகிறது. 1920களில் மூலம் வெளிவந்தது. பாலியோலோக் உண்மையில் அனுப்பியது ஒரே வாக்கியம்: ரஷ்யப் படையின் பொதுத் திரட்டலுக்கு ஆணையிடப்பட்டிருக்கிறது. மற்றதெல்லாம் பாரிசில் சேர்க்கப்பட்டது. ஆஸ்திரியாவின் பொதுப் படைதிரட்டல் ஆணையில் ஃபிரான்ஸ் ஜோசப் கையெழுத்திட்டது ஜூலை 31 நண்பகலுக்குப் பிறகு. ரஷ்யாவின் ஆணை முந்தின நாள் மாலையே போய்விட்டது. பின்னால் வந்ததை முன்னால் வைத்துக் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டார்கள்.

ஜெர்மனியின் வெள்ளைப் புத்தகமும் சுத்தமானதில்லை. ஜூலை 29 இரவு ஜார் கெய்சருக்கு அனுப்பிய தந்தியில், ஆஸ்திரிய–செர்பியத் தகராறை ஹேக் நடுவர் மன்றத்திடம் விடலாம் என்றார். அந்தத் தந்தி வெள்ளைப் புத்தகத்தில் இடம்பெறவில்லை. 1915இல் ரஷ்யா அதை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

பூட்டிய அலமாரிகளை உடைத்தவை தோல்வியும் புரட்சியும்தான். 1917 நவம்பரில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் ஜாரின் ரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டார்கள். 1918 நவம்பரில் பெர்லினில் முடியாட்சி வீழ்ந்ததும், கார்ல் காட்ஸ்கி என்ற மார்க்சிய அறிஞரிடம் வெளியுறவு அமைச்சகக் கோப்புகள் ஒப்படைக்கப்பட்டன. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொண்ட அந்தத் தொகுப்பு 1919 டிசம்பரில் நான்கு பாகங்களாக வந்தபோதுதான் கெய்சரின் ஓரக்குறிப்புகளை உலகம் முழுமையாகப் படித்தது. ஆனால் வெர்சாய் ஒப்பந்தம் ஜூன் 28 அன்றே, சரயேவோ கொலைக்கு ஐந்து ஆண்டு நிறைந்த நாளில், கையெழுத்தாகிவிட்டது. அதன் 231ஆம் பிரிவு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று எழுதிவைத்துவிட்டது. தீர்ப்பு முதலில், சாட்சியம் பிறகு.

அதன் பிறகு ஆவணம் வெளியிடுவதே ஒரு போராகிவிட்டது. 231ஆம் பிரிவை உடைக்க ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தில் தனிப் பிரிவே இயங்கியது. ஆய்வு மையத்துக்கும் பத்திரிகைக்கும் பணம் போனது. 1922க்கும் 1927க்கும் இடையே 1871 முதலான ஜெர்மன் ஆவணங்கள் 40 பாகங்களாகக் குவிந்தன. பிரிட்டன் 1926 முதல் 11 பாகங்களை வெளியிட்டது; பிரான்ஸும் 1929 முதல் வெளியிடத் தொடங்கியது. இவ்வளவு காகிதத்தையும் ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்க்கும் பொறுமை ஒருவருக்கு இருந்தது. இத்தாலியின் ‘கொரியேரே டெல்லா செரா’ நாளிதழின் ஆசிரியராக இருந்து, 1925இல் பாசிஸ்டுகளால் வெளியேற்றப்பட்ட லூயிஜி அல்பெர்தினி. பத்திரிகை பறிபோனவர் மிச்ச வாழ்க்கையை இந்த முப்பத்தேழு நாட்களுக்குக் கொடுத்தார். உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடிப்போக உதவியாளர் மக்ரினியை அனுப்பினார். 1941இல் அவர் இறந்த பிறகே மூன்று பெரும் பாகங்களும் அச்சேறின. இந்தத் தொடரை எழுதும்போது நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அவரிடம்தான்.

1961இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர், ஜெர்மனி உலக வல்லரசாகத் துடித்ததே மூலகாரணம் என்று எழுதி மேற்கு ஜெர்மனியைக் கொந்தளிக்க வைத்தார். 1964இல் அவருடைய அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கான பணத்தை அரசு நிறுத்தியது. சான்சலரின் செயலர் ரீஸ்லரின் நாட்குறிப்பு 1972இல் வந்தபோது, ஜூலை மாதப் பகுதி மட்டும் தனித் தாள்களில் இருப்பது ஏன், பிறகு மாற்றி எழுதப்பட்டதா என்று இன்னொரு சண்டை. ஜெர்மன் ராணுவத் தலைமையகத்தின் காகிதங்களில் பெரும்பகுதியோ 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாமில் விழுந்த பிரிட்டிஷ் குண்டுகளில் சாம்பலாகிவிட்டது.

மிஞ்சிய காகிதங்களை வைத்து நான் வரும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செர்பியாவோடு போர் வேண்டும் என்று வியன்னா விரும்பியது. ஜூலை 7 குறிப்பு அதற்குப் போதும். அது ஐரோப்பியப் போராக வளரலாம் என்று தெரிந்தே பெர்லின் தோள் கொடுத்தது. நிறுத்தக் கிடைத்த வாய்ப்பை ஜூலை 28 அன்று ஒளித்தது. இந்த இரண்டு தலைநகரங்களின் பங்கே பெரியது. பீட்டர்ஸ்பர்க் அவசரப்பட்டது, அந்த அவசரத்தை பாரிஸ் மறைத்தது. இவர்களில் ஒருவர்கூட வழுக்கி விழவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேனா இருந்தது, எதை அடிக்கிறோம் என்று தெரிந்தும் இருந்தது. அந்தப் பேனாக்களுக்காக பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பலின் குண்டுகளில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஜூலை மாதத் தந்தி எதிலும் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

லண்டன் மட்டும் பாக்கியிருக்கிறது. ஆகஸ்ட் 1 மாலை, பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கலாம் என்ற பொருளில் ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியின் தந்தி பெர்லினை எட்டியது. கெய்சர் குதூகலமானார், படைகளைக் கிழக்கே திருப்பச் சொன்னார். தளபதி மோல்ட்கே முடியாது என்றார். கிரே அப்படி ஒரு வாக்குறுதி கொடுத்தாரா, தூதர் தவறாகப் புரிந்துகொண்டாரா? அதற்கு லண்டனிலும் பெர்லினிலும் உள்ள காகிதங்கள் தரும் பதில்களை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)